ஜோசையாவுக்கு எட்டாத உயரம்

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தன் வாயாலேயே தடை போட்ட துப்பாக்கியை விலைக்குக் கேட்க, மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, மச்சினன் கிளாரன்ஸின் கூடாரத்துக்கு நடந்து போனார் ஜோசையா. இருநூறு அடிதான் தூரம். அதைக் கடக்க அவருக்கு மூன்று நாள் ஆயிற்று.

முதல் நாள் பாதி வழி போய், ஏதோ மறந்தவரைப் போலத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிவிட்டார். இரண்டாம் நாள் வாசல்வரை போய், கொஞ்சம் தேயிலை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் கூடாரத்தில் இரண்டு டப்பா தேயிலை பிரிக்காமல் கிடந்தது கிளாரன்ஸுக்கும் தெரியும். மூன்றாம் நாளான அந்தத் திங்கட்கிழமை கிளாரன்ஸே முந்திக்கொண்டான்.

“வாங்க மச்சான். இன்னிக்கு என்ன, சர்க்கரை தீந்துபோச்சா?”

“அந்தப் பத்து போர் துப்பாக்கி இன்னும் வச்சிருக்கியா மாப்ளே?”

கிளாரன்ஸ் ரொட்டிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தான். மச்சானையே பார்த்தான். ஐம்பத்தைந்து வயதில் அவன் வாயடைத்துப் போனது அநேகமாக அதுதான் முதல் தடவை.

வடக்கே, பூர்வகுடிகளின் அந்தப் பனி விரிகுடாவில், வசந்தத்து வாத்து வேட்டைக்கு ஜோசையாதான் தலைவர். அவருடைய அப்பா இருந்தார், அதற்குப் பின் அவர். இன்று எந்தப் பக்கம் சுடலாம், எந்தச் சதுப்பை நாலு நாள் சும்மா விட வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். காற்றே இல்லாத நாளில் ஒருவரும் சுடக்கூடாது. காற்றில்லாவிட்டால் வெடிச்சத்தம் கரை முழுக்கப் போகும், இறங்கி மேய்கிற வாத்துகள் மிரண்டு அந்த இடத்தையே மறந்துவிடும். இதையெல்லாம் அவர் அதட்டிச் சொல்ல மாட்டார். காலையில் தேநீர் குடித்தபடி, “இன்னிக்கு விறகு வெட்டலாம்னு பாக்கறேன்” என்பார். அன்று யாரும் துப்பாக்கியைத் தொட மாட்டார்கள்.

போர் என்பது துப்பாக்கிக் குழாயின் அளவு. எண் குறையக் குறையக் குழாய் பருக்கும். எல்லாரிடமும் இருப்பது பன்னிரண்டு போர். ஜோசையாவிடம் இருப்பது இருபது போர், ஏறக்குறையப் பொம்மை. ஈய ரவைக்குத் தடை வந்து இரும்பு ரவை வந்தபின், எட்டும் தூரம் போதவில்லை என்று கிளாரன்ஸ் தெற்கே போய் ஒரு பத்து போர் வாங்கி வந்தான். ஐந்து கிலோ கனம். அதன் முதல் வெடிக்கே கரையிலிருந்த அத்தனை வாத்தும் எழும்பிப் போயிற்று. “அதைச் சுத்தி வை மாப்ளே” என்றார் ஜோசையா. கிளாரன்ஸ் கம்பளியில் சுற்றி வைத்தான். கேலி செய்தானே ஒழிய, ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை.

இப்போது தடை போட்டவரே வந்து நிற்கிறார்.

“வாத்து உசரத்துல போகுது,” என்றார் ஜோசையா, அடுப்பைப் பார்த்து. “என் துப்பாக்கிக்கு எட்டல.”

அது பாதி உண்மை. வாத்துகள் எப்போதும் உயரத்தில்தான் போயின. அவற்றைக் கீழே இறக்கியது அவருடைய மனைவி ஹாரியட்.

முகாமில் மற்ற எல்லாருக்கும்தான் வாத்தைப் போலக் கூப்பிடத் தெரியும். கையைக் குவித்து, அடித்தொண்டையில் இருந்து ஒரு சத்தம், அது மேலே போய் உடைய வேண்டும். ஆனால் ஹாரியட் கூப்பிட்டால் கூட்டம் நடுவானத்தில் நின்று யோசிக்கும். பிறகு சிறகை மடக்கிச் சரிந்து, முப்பது கஜத்துக்குள் கால் நீட்டும். அந்த முப்பது கஜத்துக்கு இருபது போர் தாராளம். முப்பத்தொன்பது வசந்தம் அப்படித்தான் போனது. அவள் கூப்பிடுவாள், அவர் சுடுவார். சாயங்காலம் இருவருமாக உட்கார்ந்து இறகு பிடுங்குவார்கள்.

ஜோசையாவுக்குக் கூப்பிட வராது. கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அரசாங்க ஆட்கள் அவரை, பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியை மறக்கடிக்கத் தெற்கே நடத்திய விடுதிப் பள்ளிக்குக் கொண்டு போய்விட்டார்கள். ஹாரியட்டை அவளுடைய அப்பா காட்டுக்குள் ஒளித்துத் தப்பவைத்தார். ஏழு வயதில் ஒருநாள், வகுப்பறை ஜன்னலுக்கு மேலே வாத்துக் கூட்டம் போனபோது, ஜோசையா தன்னை மறந்து வாயைக் குவித்துக் கூப்பிட்டார். வாத்தியார் வாயிலேயே அடித்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது, பையன்கள் சிரித்தார்கள். பதினாறு வயதில் திரும்பி வந்தபோது தாய்மொழியே தட்டுத்தடுமாறித்தான் வந்தது. வாத்து மொழிக்கு எங்கே போவது? ஒன்றிரண்டு தடவை முயன்று பார்த்தார்.

“மச்சான், நீங்க கூப்பிட்டா வாத்து வராது, நாய்தான் வரும்,” என்பான் கிளாரன்ஸ். வந்தும் இருக்கிறது, இரண்டு நாய்.

ஹாரியட் மட்டும் சிரித்ததில்லை. “விடுய்யா, என் வாய் போதும் நம்ம ரெண்டு பேருக்கும்,” என்பாள்.

அந்த வாய்தான் போன வருடம் மே மாதக் கடைசியில், நகரத்து ஆஸ்பத்திரியில் மூடிக்கொண்டது. இந்தச் சனிக்கிழமை முகாமில் அவளுக்கு முதல் வருட நினைவு விருந்து. மற்றவர்கள் ஆளுக்கு நாலைந்து வாத்து தருவார்கள், குறை இருக்காது. ஆனால் புருஷன் கையால் விழுந்த வாத்து ஒன்றாவது அவள் பெயரில் நெருப்புக்கு முன்னால் தொங்க வேண்டும். பதினோரு நாளாக அவர் சுட்டது பூஜ்யம்.

“விலையெல்லாம் அப்பறம் பேசலாம். முதல்ல கொண்டுபோய்ச் சுட்டுப் பாருங்க,” என்றான் கிளாரன்ஸ். கம்பளியைப் பிரித்தபோது எண்ணெய் வாசனை வந்தது. பன்னிரண்டு வருடமும் அவன் அதைத் துடைத்தே வைத்திருந்தான். “தோள்ல கம்பளி மடிச்சு வச்சுக்கோங்க மச்சான். உதைக்கும். அக்கா கோபப்பட்டா எப்படி உதைப்பாளோ, அதைவிடக் கொஞ்சம் கம்மி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

மறுநாள் நல்ல காற்று. ஊசியிலைக் கிளைகளை நட்டுக் கட்டிய மறைவில் ஜோசையா தனியாக உட்கார்ந்தார். முன்னால் உருகும் பனிக்கு நடுவே, பறக்கும் வாத்துகளை ஏமாற்றி இறக்க, மரத்தில் செதுக்கிய பன்னிரண்டு வாத்துப் பொம்மைகள். பக்கத்தில் ஹாரியட் உட்காரும் மரக்கட்டையை வழக்கம்போல் கொண்டு வந்து போட்டிருந்தார். ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பத்து மணிவாக்கில் ஒரு ஜோடி வந்தது. அறுபது கஜ உயரம். இருபது போராக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு விட்டுவிட்டிருப்பார். பத்து போரைத் தூக்கி, முன்னால் போன வாத்துக்கு ஒரு கை முன்னே பிடித்துச் சுட்டார். தோள் கழன்றுவிட்டது என்றே நினைத்தார். வாத்து கல்லாக விழுந்தது.

ஒரு நிமிஷம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஒளிப்பானேன். எட்டிவிட்டது! ஹாரியட் இல்லாமலே எட்டிவிட்டது. வாங்கிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவு செய்தார்.

அப்புறம்தான் மற்றது திரும்பி வந்தது.

ஜோடியில் ஒன்று விழுந்தால் மற்றது திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியாததா? முப்பத்தொன்பது வருடம் பார்த்ததுதான். அப்போதெல்லாம் ஹாரியட் குரலை மாற்றிவிடுவாள். கூட்டத்தைக் கூப்பிடும் குரல் அல்ல அது. விழுந்த வாத்தின் குரலில், மெதுவாக, “இங்கேதான் இருக்கேன்” என்கிற மாதிரி. மற்றது நேரே இறங்கி வரும். “சுடுய்யா. தனியா விட்டுடாதே. அழுதுக்கிட்டே திரியும், தின்னாது, வடக்கேயும் போகாது,” என்பாள். ஒரு தடவைகூட அவள் மிச்சம் விட்டதில்லை.

இப்போது அது மேலே வட்டம் போட்டது. கத்திக்கொண்டே வட்டம் போட்டது. ஜோசையா சுட்டார். எட்டவில்லை. வெடிக்குப் பயந்து இன்னும் மேலே போனது, ஆனால் விட்டுப் போகவில்லை. மூன்று தோட்டா தீர்ந்தது. பெரிய துப்பாக்கிக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டார். விழுந்ததைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு நடந்தார். மேலே அதுவும் கூடவே வந்தது.

அன்று முழுக்க முகாமின்மேல் அந்தச் சத்தம். கிளாரன்ஸ் வெளியே வந்து தன்னாலானவரை கூப்பிட்டுப் பார்த்தான். அது கேட்டதாகவே தெரியவில்லை. அதற்கு வேண்டியது கூட்டமல்லவே. ஹாரியட்டின் தங்கை மினி, இறகு பிடுங்கிக்கொண்டிருந்தவள், கையை மடியில் வைத்துவிட்டாள்.

“அத்தான், அதை என்னமாச்சும் செய்ங்க. கேக்க முடியல. அக்கா இருந்தா…”

“இருந்தா நான் ஏன் அந்த இழவு துப்பாக்கியைத் தொடறேன்?” என்று எரிந்து விழுந்தார் ஜோசையா. மினியிடம் அவர் குரல் உயர்த்தியதே இல்லை. அவள் குனிந்துகொண்டாள். அவர் கூடாரத்துக்குள் போய்ப் படுத்தார், சாப்பாடு வேண்டாம் என்றார். கித்தானுக்கு மேலே அது சுற்றிச் சுற்றி வந்தது.

புதன்கிழமை காலையும் போகவில்லை. குரல் மட்டும் கம்மிவிட்டது. ஜோசையா பத்து போரைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுபோய் மச்சினன் கையில் கொடுத்தார்.

“ஏன் மச்சான், எட்டலையா?”

“எட்டுது மாப்ளே. பாதிதான் எட்டுது.”

கிளாரன்ஸ் வாங்கி வைத்துக்கொண்டான்.

பழைய இருபது போரை எடுத்துக்கொண்டு ஜோசையா மறைவுக்குப் போனார். வாத்து பின்னாலேயே வந்து, தன் ஜோடி விழுந்த இடத்துக்கு மேலே வட்டமிட்டது. அவர் மரக்கட்டையைப் பார்த்தார். கையை வாயருகே குவித்தார். வந்தது அதே நாய்ச் சத்தம். இன்னொரு தடவை. அதே. அறுபத்து நாலு வயதிலும் உதடு கிழியுமோ என்று ஒரு கூச்சம். சுற்றுமுற்றும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

அப்படிப் பார்த்ததுதான் அவரை உடைத்தது. போன வருடமும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில், ஹாரியட்டின் தொண்டையில் குழாய். பேச முடியாது. ஒரு பிற்பகல், அந்த நகரத்து வானத்தில், ஜன்னலுக்கு வெளியே வாத்துகள் போயின. தெற்கிலிருந்து வடக்கே, அவர்கள் ஊர்ப் பக்கம். ஹாரியட்டின் கண் அகன்றது. அவர் கையை இறுக்கினாள். ஜன்னலைக் காட்டினாள், பிறகு விரலை அவர் உதட்டில் வைத்தாள். நீ கூப்பிடு. அவருக்குப் புரிந்தது, நன்றாகவே புரிந்தது. திரும்பிப் பார்த்தார். நர்ஸ் இருந்தாள், பக்கத்துக் கட்டிலுக்கு யாரோ பார்க்க வந்திருந்தார்கள். “ஆளுங்க இருக்காங்க ஹாரியட்,” என்று தலையை ஆட்டிவிட்டார். அவள் விரல் இன்னும் கொஞ்ச நேரம் அவர் உதட்டிலேயே இருந்தது. வாத்துகள் போய்விட்டன. இரண்டு நாளில் அவளும் போய்விட்டாள். இதை ஜோசையா யாரிடமும் சொன்னதில்லை. சாவுக்கும் அழவில்லை, ஊரே கல்நெஞ்சன் என்றது.

இப்போது அந்த மறைவில், ஆளில்லாத பனிவெளியில், அவருக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் எழும்பி, தொண்டையில் உரசி, மேலே போய் உடைந்தது. மறுபடி ஒன்று. அவர் கூப்பிடவில்லை, அழுதார். ஆனால் மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது சட்டென்று வாயை மூடியது. கழுத்தைத் திருப்பியது. பிறகு பதில் சொன்னது.

ஜோசையா அழுதபடியே கூப்பிட்டார். அது சிறகை மடக்கிச் சரிந்தது. அறுபது கஜம், நாற்பது, இருபது. பொம்மைகளுக்கு நடுவில் வந்து நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து, தேடி, அவர் பக்கம் திரும்பியது.

சுட மனமில்லை. அவ்வளவு நம்பி வந்ததை எப்படிச் சுடுவது? கண்ணைத் துடைத்தார், மறுபடி நிறைந்தது. பக்கத்திலிருந்த மரக்கட்டையைத் தொட்டுக்கொண்டார். தனியா விட்டுடாதே என்று அவள் சொன்னது யாருக்காக என்று இந்த ஒரு வருடத்தில் அவருக்குப் புரிந்திருந்தது. விடிந்து எழுந்ததும் ஒருவருக்கு மட்டும் தேநீர் போடுவது என்றால் என்னவென்று புரிந்திருந்தது. இருபது போரைத் தோளில் வைத்தார். பொம்மைத் துப்பாக்கிதான், சத்தமும் பெரிதாக இல்லை.

சனிக்கிழமை விருந்தில், பெரிய கூடாரத்துக்குள், நெருப்பைச் சுற்றி இருபத்தேழு வாத்துகள் கயிற்றில் தொங்கின. ஜோசையாவின் இரண்டையும் மினி பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தாள். அவை மெதுவாகச் சுழன்று கொழுப்புச் சொட்டின. அவள் ஒன்றை முறுக்கிவிட்டு மற்றதையும் முறுக்கிவிட்டாள், பிறகு அவரருகே வந்து தட்டோடு உட்கார்ந்தாள்.

“அத்தான், புதன்கிழமை காலையில சதுப்புப் பக்கம் கூப்பிட்டது யாரு? முகாமே எழுந்து வெளிய வந்து நின்னுச்சு. அப்படியே அக்கா குரல்.”

ஜோசையா தட்டைக் கீழே வைத்தார்.

“போன வருஷம் கூப்பிட்டிருக்கணும் மினி,” என்றார். “அவ கேட்டாளே.”