முருகையன் போர்செட்டுக்குக் கெட்டிமேளம்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எழும்பியதும் எல்லோரும் அட்சதை போட்டார்கள். நான் மட்டும் அட்சதையை இறுக்கிப் பிடித்தபடி மண்டபத்து வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். கால் மாற்றிச் செருப்புப் போட்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "என்ன சார், மயக்கமா?" என்று யாரோ கேட்டார்கள். மயக்கமில்லை. தவிலை வேகமாக வாசித்தால் எனக்கு ஓர் ஆளைப் போட்டு அடிப்பதுதான் கேட்கும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இருபத்தாறு வயதில் நான் பெரிய மேதாவி. நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதை அளக்கும் ஆராய்ச்சிக் குழுவில் தற்காலிக வேலை. பேனா மாதிரி ஒரு கருவி இருக்கும். தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். வேதாரண்யம் பக்கத்து வயல்களில் அந்த எண் வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் போட்டு வரைபடம் காட்டினால் ஜனம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடும். சரி, எண்ணைத் தவிலில் வாசித்துக் காட்டினால் என்ன என்று தோன்றியது.

செல்வம் என் பள்ளித் தோழன், தவில்காரன், சரியான முன்கோபி. கச்சேரிக்கு நடுவில் சினிமாப் பாட்டுப் போட்ட ஒலிபெருக்கிக்காரனைத் தவில் குச்சியாலேயே சாத்தியவன். "உப்பு கம்மின்னா லேசாத் தட்டுறேன், ஜாஸ்தின்னா போட்டுப் பொளக்குறேன். அவ்ளோதானே?" என்றான். அவ்வளவுதான். எத்தனை சுலபமாக இருந்தது, நாசமாய்ப் போக!

எங்கள் தாளில் கிணறுகளுக்கு நம்பர்தான் உண்டு. நம்பர் சொன்னால் ஊரில் யாருக்குப் புரியும்? அங்கெல்லாம் உடையவர் பெயர்தான் போர்செட்டுக்கும் பெயர். அதனால் நான் மைக்கில் பெயரைச் சொல்ல, செல்வம் அதன் உப்பை வாசிப்பதென்று ஏற்பாடு. இந்த யோசனையும் அடியேனுடையதுதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் நல்ல கூட்டம். "கோவிந்தராசு போர்செட்" என்றேன். செல்வம் விரலால் மெல்லத் தட்டினான்; சிரித்தார்கள். அடுத்தடுத்த பெயர்களுக்கு அடி கூடியது, கைதட்டலும் கூடியது. கடைசியாக "முருகையன் போர்செட்!" என்றேன். செல்வம் கெட்டிமேளத்தில் இறங்கினான். தோல் கிழிந்துவிடும் போன்ற அடி. விசில் பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முருகையன் ஓரமாக நின்றிருந்தார். அவர் அப்பா அந்த ஊர் வயல்களில் கூலிக்கு உழுதவர். இவர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து, வந்த காசில் மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் வாங்கிப் போர்செட் போட்டார். அது சிலருக்குக் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் வயலை ஒட்டியே கடல்நீர் தேக்கிய ஓர் இறால் குட்டை. குட்டையின் உப்பு முதலில் இறங்கியது அவர் நிலத்தில். அதனால்தான் அவர் எண் உச்சத்தில் இருந்தது. ஊரிலேயே அதிகம் நஷ்டப்பட்டவர் அவர். இதைத்தான் நான் அடுத்த வாக்கியமாகச் சொல்லியிருக்க வேண்டும். கைதட்டல் அடங்கட்டும் என்று இளித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் முன்வரிசையில் ஒருவன் எழுந்துவிட்டான். "பாத்தீங்களாய்யா! இவன் போட்ட போருதான் கடத்தண்ணிய இழுக்குது. மெஷினே சொல்லிடிச்சு!"

"என் போரு இல்லைங்க, குட்டைத் தண்ணிங்க. சாரையே கேளுங்க" என்று முருகையன் என்னைக் கைகாட்டினார்.

ஒருத்தனும் கேட்கவில்லை. முதல் அறை காதோடு விழுந்தது. வேட்டியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒரு மர நாற்காலி அவர் முதுகில் உடைந்தது. "அவரு மேல தப்பில்ல!" என்று மைக்கில் கத்தினேன், ஒயரை எவனோ பிடுங்கியிருந்தான். குறுக்கே பாய்ந்த செல்வத்தின் வலது கை விரல்களைச் செருப்புக் காலால் நசுக்கினார்கள். கூட்டம் அப்படியே வயலுக்கு ஓடியது. மோட்டார் கொட்டகையைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள், குழாய்க்குள் ஜல்லியைக் கொட்டினார்கள். அது கீழே இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் முருகையனுக்கு விலா எலும்புகளில் கட்டு, ஒரு காது கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எம் பேருக்கு மேளம் கொட்டுறாங்களேன்னு ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன் சார்." பாவி நான், அங்கேயே அழுதுவிட்டேன்.

அடுத்த நடவுக்கு முன்பே நிலத்தைக் குட்டைக்காரருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். செல்வத்தின் விரல்கள் மடங்கவில்லை. இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், என்னோடு பேசுவதில்லை.

போன வருஷம் அந்த ஊருக்குப் போனேன். நெல் இல்லை, வரப்பு இல்லை, ஒரு போர்செட்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை இறால் குட்டைகள். காவலுக்கு நின்றவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். அன்று முன்வரிசையில் எழுந்தவன்தான். "முருகையன் சொன்னது நெசந்தான் சார். எங்க வயலும் போயிடிச்சு" என்றான். முருகையன் எங்கே என்று கேட்டேன். "அவரு செத்து ரெண்டு வருசம் ஆவுது."

ஆத்திரத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவன் நகரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அடிக்காகக் காத்து நின்றான். நான் அடிக்கவில்லை. அன்றைக்கு மைக் என் கையில்தான் இருந்தது.