எங்கள் வீட்டு ஆப்பிரிக்கா

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் குடியிருப்புக்கு வந்து எங்கள் வீடு எது என்று கேட்டால் யாரும் எங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "வோ சுகர் பத்தாவாலா கர்" என்று கையை நீட்டுவார்கள். சர்க்கரை இலை வீடு. பக்கத்து வங்காளிக்கும் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரருக்கும் அதுதான் எங்கள் விலாசம். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. அந்த 'சர்க்கரை' மட்டும்தான் எனக்குப் பிடிக்காது. நான் வளர்ப்பது கீரை. உடம்புக்கு நல்லது செய்கிற கீரை. நான் வைத்தியசாலை நடத்தவில்லை.

செடி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஹேடோ துறைமுக வார்ஃபில் கிரேன் ஓட்டுகிறார். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்களில் சரக்கு இறக்குவது அவர் வேலை. அவருக்குப் பழக்கமான கப்பல் சமையல்காரர் ஒருவர், தூத்துக்குடிப் பக்கம். இளவயதில் வெளிநாட்டுக் கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கெல்லாம் போய் வந்தவர். அங்கே சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் ஒரு கசப்பு இலையைத் தின்று பழகிவிட்டார். ஊர் திரும்பிய பிறகும் நாக்கு கேட்க, கேரளத்தில் யாரிடமோ செடி இருப்பதை விசாரித்து வாங்கித் தன் வீட்டிலும் வைத்திருந்தார். ஊரிலிருந்து வருகிறவர்கள் அல்வா கொண்டு வருவார்கள், முறுக்கு கொண்டு வருவார்கள். இந்த மனிதர் ஈரச்சாக்கில் சுற்றி ஒரு குச்சி கொண்டு வந்தார்.

கணவர் அதை என் கையில் கொடுத்தபோது, நாய் விரட்டத்தான் கொடுக்கிறார் என்று நினைத்தேன். இலை ஒன்றுகூட இல்லை. விரல் தடிமனில் காய்ந்த குச்சி. துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், தண்ணீர் வடிகிற இடத்தில் சாய்த்து ஊன்றி வைத்துவிட்டு மறந்துபோனேன். ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் பார்த்தால் கணுவுக்குக் கணு பச்சை எட்டிப் பார்க்கிறது.

இங்கே தோட்டம் போடுகிறவர்களுக்கு நத்தைதான் முதல் எதிரி. ஆப்பிரிக்க நத்தை என்பார்கள், கைப்பிடி அளவுக்கு இருக்கும். என் வெண்டையையும் பப்பாளிக் கன்றையும் தின்று தீர்த்த கூட்டம் அது. ஒரு மழைக்காலை அதில் ஒன்று என் புதுச்செடியில் ஏறுவதைப் பார்த்து, போச்சு என்று நினைத்தேன். கொழுந்தை ஓரமாகக் கடித்தது. என்ன தோன்றியதோ, வந்த வழியே இறங்கிப் போனது. "ஒரே ஊர்க்காரங்கல்ல, விட்டுக்கொடுத்துருச்சு" என்றார் கணவர். அன்று முதல் எங்கள் வீட்டில் செடிக்குப் பெயர் ஆப்பிரிக்கா. "ஆப்பிரிக்காவுக்குத் தண்ணி ஊத்துனியா?" என்று வார்ஃபிலிருந்து போன் போட்டுக் கேட்பார். கோடையில் குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும் ஊர் இது. அரிசி களைந்தது, காய் கழுவியது எல்லாம் அதற்குத்தான் போகும்.

என் உயரத்துக்கு மேல் போக விடுவதில்லை. நெஞ்சளவில் நறுக்கிவிட்டால் பக்கத்துக்கு நாலு கிளை வெடித்து இளசாக இலை கொடுக்கும். நறுக்காமல் விட்டால் வெள்ளையாகச் சின்னச்சின்னப் பூ பூக்கும், தேனீ மொய்க்கும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் இலை முற்றிவிடும். அழகா சாப்பாடா என்றால் நான் சாப்பாட்டின் பக்கம்.

முதல் தடவை ஒரு கொழுந்தைச் சும்மா வாயில் போட்டு மென்றேன். காதுவரைக்கும் கசந்தது. உப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்து, நுரை அடங்கும் வரைக்கும் அலசுவார்கள் என்று கப்பல்காரர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். சோப்பு போட்டதுபோல நுரைத்து வந்தது. பிறகு நானே கண்டுபிடித்த விஷயம், கடைசி அலசலை அரிசி களைந்த தண்ணீரில் செய்தால் கசப்பு பாந்தமாக அடங்கும். பாசிப்பருப்பு, சீரகம், தேங்காய் சேர்த்துக் கூட்டாக வைத்தேன். கசப்பு முழுக்கப் போய்விடக் கூடாது, நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். லம்பா லைனிலிருந்து வரும் என் மலையாளித் தோழி, குறை சொல்லாமல் எதையும் சாப்பிடாதவள், அன்று பேசாமல் இரண்டாம் தரம் தட்டை நீட்டினாள். இந்தத் தீவுகளில் இந்த இலையில் கூட்டு வைத்த முதல் ஆள் நான்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இல்லை என்பவர்கள் வந்து சொல்லட்டும்.

இது சர்க்கரைக்கு நல்லது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. செல்போனில் எதையோ பார்த்துவிட்டு ஒருவர் வந்தார், அவர் சொல்லி இன்னொருவர். விடிந்தால் கேட்டில் ஆள். "பாபி, தோடா பத்தா தேனா." கொஞ்சம் இலை கேட்பார்கள், கொடுப்பேன். "சப்ஜி மாதிரி பண்ணிச் சாப்பிடுங்க, டாக்டர் மருந்தை நிறுத்தாதீங்க" என்று எனக்குத் தெரிந்த கலப்பு இந்தியில் கூடவே சொல்லியும் அனுப்புவேன். இலையை மட்டும் வாங்கிக்கொண்டு பேச்சை கேட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். என் வீட்டு மனிதரும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போடுகிறார். கூடவே, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருஷம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்குப் பால் காவடி எடுக்கிறார். ஹேடோவிலிருந்து முருகன் கோயில்வரை மேடும் பள்ளமுமாக, உச்சி வெயிலில், வெறுங்காலோடு நடக்க வேண்டும். விரதக் காலத்தில் ஒரு வேளைதான் சாப்பாடு. காவடி தோளில் ஏறிய பிறகு இறக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அவர்கள் குழுவின் கட்டுப்பாடு. கிரேன் ஓட்டுகிற மனிதர் வேறு எதற்கும் மார்தட்டி நான் பார்த்ததில்லை. காவடிக்கு மட்டும் தட்டுவார்.

போன வருஷம் வார்ஃபில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். விரதத்தில் அந்த இலையைப் பச்சையாக அரைத்து, சாறு எடுத்து வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்கும், அலுங்காமல் நடக்கலாம் என்று. நான் எழுவதற்கு முன்பே எழுந்து அம்மியில் அரைத்திருக்கிறார், மிக்ஸி போட்டால் நான் விழித்துக்கொள்வேனாம். சாறு உள்ளே போனது. ஒழுங்கான மனிதர் இல்லையா, மாத்திரையும் உள்ளே போனது. போகாதது சோறு ஒன்றுதான்.

காவடி நாளில் ஒரு ஏற்றத்தில் அவர் கால் பின்னியது. உறுமி அடிக்கிறவர்கள் அருள் வந்துவிட்டது என்று இன்னும் வேகமாக அடித்தார்கள். எனக்குத் தெரியும், அது அருள் இல்லை. முகம் வெளுத்து, சட்டையில்லாத உடம்பெல்லாம் வேர்வை ஆறாக ஓடியது. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதற்குள் விழுந்துவிட்டார். ஒரு பக்கச் சொம்புப் பால் தார் ரோட்டில் கொட்டியது. காவடி தரையைத் தொடும் முன்னால் பக்கத்தில் வந்தவர் தாங்கிப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்தார்.

பிழைத்தவர் வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியம், தாவ் என்று இங்கே நாங்கள் சொல்லும் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனது.

"சனியனை வெட்டிப் போட்டுர்றேன். என்னைய நடுரோட்டுல விழ வச்சிருச்சு."

நான் செடிக்கு முன்னால் போய் நின்றேன். "வெட்டுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அதுவா உங்க வாயில வந்து ஏறுச்சு? பட்டினி கிடந்தது யாரு? எனக்குத் தெரியாம அரைச்சுக் குடிச்சது யாரு?"

அவர் தாவை ஓரமாக வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "என் தோள்ல இருந்து இன்னொருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் போய்விட்டது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

விடிந்தால் கேட்டில் நின்ற ஆட்கள் காணாமல் போனார்கள். எதிர்வீட்டம்மா, வாரம் தவறாமல் இலை வாங்கியவர், "அது விஷமாமே" என்று என்னிடமே கேட்டார். காவடிக் குழுவை நடத்தும் பெரியவரை நாங்கள் குருசாமி என்போம். அவரும் வீட்டுக்கு வந்து, இனிமேல் இளவட்டங்கள் எடுக்கட்டும், நீ கூட நடந்து வா போதும் என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனார். கணவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மனிதர் மறுபடி காவடி எடுக்க வேண்டும், கோயில்வரைக்கும் தன் தோளிலேயே சுமக்க வேண்டும். என் செடிக்கும் அதே ரோட்டில்தான் பேர் திரும்ப வேண்டும்.

இந்த வருஷம் மாசி பிறந்ததுமே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பையில் ஒரு கிளையும் கொண்டுபோனேன். டாக்டரம்மா இலையை முகர்ந்து பார்த்தார், சிரிக்கவில்லை. நான் சமைக்கிற விதத்தைக் கேட்டுக்கொண்டார். சாறு கூடவே கூடாது, கறியாகக் கொஞ்சம் சாப்பிடலாம், விரத நாளுக்கு மாத்திரையை நான் மாற்றித் தருகிறேன், ஆனால் பட்டினி கிடந்து நடப்பதானால் என்னிடம் வராதீர்கள் என்றார். நடுவழியில் சாப்பிட்டாக வேண்டும். அப்படியானால் நடக்கலாம்.

அந்த 'நடுவழி'தான் சிக்கல். குருசாமியிடம் நானே போனேன்.

"காவடி தோள்ல இருக்கும்போது சாப்பிடுறதா? வழக்கத்துல இல்லையேம்மா."

"வழக்கத்துல விழுறதும் இல்லைங்க. போன வருஷம் விழுந்தாரு."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சொல்றவங்களை எங்கிட்ட அனுப்புங்க. முருகன் கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். கடைசியில், "எடுக்கட்டும். சாப்பிடறதும் சாப்பிடாததும் அவன் மனசு. நான் வாயைத் தொறன்னும் சொல்ல மாட்டேன், மூடுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு அது போதும். கணவருக்குத்தான் போதவில்லை. விரதத்தில் மூன்று வேளையும் நான் போட்டதைச் சாப்பிட்டார், வெங்காயம் பூண்டு இல்லாத கூட்டும் கஞ்சியும். மாத்திரையையும் டாக்டர் சொன்னபடி போட்டார். ஆனால் ரோட்டில் சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டால், "பாப்போம்" என்பார். அவருடைய 'பாப்போம்' என்னவென்று எனக்குத் தெரியும்.

உத்திரத்தன்று விடியலில் கொழுந்தாகப் பறித்து, அலசி, பிழிந்து, அரிசியும் பாசிப்பருப்பும் குழையக் காய்ச்சிய கஞ்சியில் அந்த இலையைப் போட்டுக் கடைந்தேன். வேறு எதையாவது கொடுத்திருக்கலாம், வாழைப்பழமும் பையில் இருந்தது. ஆனால் எந்த இலையின் மேல் பழி விழுந்ததோ அதே இலையைச் சாப்பிட்டுவிட்டு அவர் நடப்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று எனக்கு வீம்பு. தூக்கில் ஊற்றிக்கொண்டு காவடிக்குப் பக்கத்திலேயே நடந்தேன்.

போன வருஷம் விழுந்த அதே ஏற்றம் வந்தது. ஏற்றத்துக்கு முன்னால் நான் ரோட்டின் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் நின்றார். பின்னால் வந்த காவடிகள் நின்றன. உறுமி ஓய்ந்தது. ஓரத்தில் எதிர்வீட்டம்மா, வார்ஃப் ஆட்கள், மோர்ப்பந்தல்காரர்கள், போக்குவரத்தைத் தடுத்து நின்ற போலீஸ்காரர், எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். குருசாமி வானத்தைப் பார்த்தார்.

கரண்டியில் கஞ்சியை எடுத்து நீட்டினேன். அவர் வாயை இறுக மூடியிருந்தார். தாடை விறைத்திருந்தது. தோளில் காவடி, இரண்டு சொம்பிலும் பால். முப்பது வருஷ வழக்கம் அந்த உதட்டில் நின்றது.

"ஏங்க, இறக்கி வச்சிட்டுச் சாப்பிடுறதா, சுமந்துக்கிட்டே சாப்பிடுறதா? நீங்களே சொல்லுங்க" என்றேன். எனக்கு அப்போது செடியும் பேரும் எதுவும் நினைவில் இல்லை. இந்த மனிதர் விழக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். பால் தளும்பாமல் முழங்காலை மடக்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, வாயைத் திறந்தார். ஒரு கரண்டி. இன்னொன்று. தூக்கு காலியாகும் வரைக்கும் யாரும் அசையவில்லை. கடைசிக் கரண்டியை விழுங்கிவிட்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "உப்புக் கம்மி" என்றார்.

என் சமையலில் குறை சொன்னவர்களை நான் இதுவரை சும்மா விட்டதில்லை. அன்றைக்கு நடுரோட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருக்கட்டும், நடங்க" என்றேன். உறுமி மறுபடி தொடங்கியது. ஏற்றம் முடிந்து, இறக்கம் முடிந்து, கோயில் படி வரைக்கும் காவடி அவர் தோளிலேயே போனது.