குருவிளா சார் ஓடிப்போகவில்லை

செயலாளர் லூர்துசாமி பொய் எழுதியிருக்கிறார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் நீலக்கொடி கால்பந்துக் கழகத்தின் ஆண்டு மலரில், பதினான்காம் பக்கத்தில், தன் படத்தைப் பெரிதாகப் போட்டு அதற்குக் கீழே எழுதியிருக்கிறார்: "இறுதிப் போட்டிக்கு முதல் நாள் பயிற்சியாளர் குருவிளா யாரிடமும் சொல்லாமல் ஓடிவிட்டதால் கோப்பை நம் கைநழுவியது."

மூலக்குளத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு இதைப் படித்தேன். டீ ஆறிவிட்டது. கோபத்தில் குடித்தால் சூடு தெரியாது என்பார்கள், எனக்கு ஆறினதுகூடத் தெரியவில்லை. மலர் அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. பக்கத்தைத் திருப்பத் திருப்ப மை வாசனை. அந்த வாசனை எனக்கு ஆகாது. புதுப் பிளெக்ஸ் பேனரைப் பிரிக்கும்போது இதே மாதிரிதான் மண்ணெண்ணெய் கலந்தாற்போல் ஒன்று குப்பென்று வரும். அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு முதுகு கூசும். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் குருவிளா சார் யார் என்று சொல்லிவிட வேண்டும். நீங்கள் கால்பந்து பார்க்காதவராக இருக்கலாம். உங்கள் தப்பில்லை, நாடே மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறது.

அவர் கேரளத்துக்காரர். பேப்பரின் கடைசிப் பக்கத்தில் படம் வருகிற ஆள். வடக்கே பெரிய பெரிய அணிகளுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இருபது வருடத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அதற்காகப் புதுச்சேரிக்கு வந்து, மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். மனைவியைக் கண்கட்டோடு படுக்க வைத்துவிட்டு மனிதர் சாயங்காலத்தில் என்ன செய்வார்? நடந்திருக்கிறார். நடந்து நடந்து உழவர்கரைப் பக்கம் எங்கள் மைதானத்துக்கு வந்து, சுவரோரம் நின்றிருக்கிறார். நாங்கள் ஒன்றுக்குப் போகிற சுவர். இந்தியாவே கும்பிடும் பயிற்சியாளர் முதன்முதலில் எங்களைப் பார்த்தது அங்கே நின்றுதான்.

கோல்கீப்பர் சேசுராஜுக்குத்தான் முதலில் தெரிந்தது. அவன் பேப்பரில் வருகிற கால்பந்துப் படத்தையெல்லாம் வெட்டி ஒட்டி வைப்பவன். ஆட்டத்தின் நடுவில் கோலை விட்டுவிட்டுச் சுவரை நோக்கி ஓடினான்.

"டேய், பந்து உள்ள போவுதுடா!"

"போவட்டும் போடா! அங்க நிக்கறது யார்னு தெரியுமா உனக்கு?"

பந்து உள்ளே போயிற்று. யாருக்கும் கவலையில்லை. இருபத்திரண்டு பேரும், வேடிக்கை பார்த்த நாங்கள் ஐம்பது பேரும் அவரைச் சுற்றி நின்றோம். லூர்துசாமி அப்போதும் செயலாளர்தான். பிறக்கும்போதே செயலாளராகப் பிறந்தவர். "சார், எங்க பசங்கள ஒரு பார்வை பாருங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

குருவிளா சார் சொன்னது ஒன்றே ஒன்று. அவர் லீவில் வந்திருக்கிறார். வேறு அணிக்குப் பயிற்சி கொடுத்தது தெரிந்தால் அவருடைய அணி சும்மா விடாது. "நான் வர்றது வெளியே தெரியக் கூடாது. தெரிஞ்சா மறுநாள் நான் போகணும். அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் ரகசியத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று தெரியுமா? எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்வது. யார் அந்தப் பெரியவர் என்று கேட்டால், "சேசுராஜோட மாமனாரு" என்று சொல்ல முடிவு செய்தோம். சேசுராஜுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை. இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த சேசுராஜின் அம்மாவிடம் நாலு பேர் போய், "சம்மந்தி நல்லா கெம்பீரமா இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அந்த அம்மா மைதானத்துக்கே வந்துவிட்டார். கையில் செருப்பு.

"எங்கடா உன் மாமனாரு? எனக்குத் தெரியாம எவ வூட்டுல போய்த் தாலி கட்டுன?"

சேசுராஜ் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தான். கம்பம் எத்தனை அகலம் இருக்கும்? குருவிளா சார்தான் முன்னால் போய்க் கும்பிட்டார். "அம்மா, எனக்குப் பொண்ணே கிடையாது. ரெண்டும் பையன்." அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பறம் எதுக்குய்யா மாமனாருன்னு சொல்லிக்கினு திரியற?" என்று ஒரு போடு போட்டார். சார் அரைமணி நேரம் சிரித்தார். பயிற்சி நடக்கவில்லை.

பயிற்சி என்றதும் அருளப்பன் நினைவு வருகிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் உட்கார்ந்திருப்பவர்களை நாங்கள் சொல்தா என்போம். அருளப்பன் ஒரு சொல்தா. அவரும் மூன்று கூட்டாளிகளும் மைதானத்தின் மூலையில் பெத்தாங்க் ஆடுவார்கள். சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூரத்தில் போட்டுவிட்டு, அதை ஒட்டி நிற்கும்படி இரும்பு உருண்டைகளை வீசுகிற ஆட்டம். எங்கள் பந்து அந்தப் பக்கம் போனால் திருப்பித் தரமாட்டார்கள். பிரெஞ்சில் திட்டுவார்கள். அர்த்தம் தெரியாததால் நாங்களும் மரியாதையாகவே எடுத்துக்கொள்வோம்.

குருவிளா சார் நாலு நாள் எங்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் உருண்டை வீசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் எங்கள் பையன்களை வரிசையாக நிற்க வைத்தார். "நீங்க எல்லாரும் ஓடுறீங்க. பந்து மட்டும் ஓடல" என்றார். அருளப்பனிடம் அந்த மரக்குண்டை இரவல் வாங்கித் தூரத்தில் வைத்து, அதை ஒட்டிப் பந்து நிற்க வேண்டும், காலால் உருட்டு என்றார். ஒரு சாண் தள்ளி நின்றால் மறுபடியும். ஒரு வாரம் இதே வேலை. ஓட்டம் கிடையாது, கோல் கிடையாது.

சுவர்மேல் உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பொறுக்கவில்லை. பேர் பெற்ற ஆளென்று கூட்டி வந்தால் கோலி ஆடச் சொல்கிறாரே என்று எரிச்சல். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது நான்தான். அப்போது நான் வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலை முடித்து ஏணியோடு நேராக மைதானம். "சார், உருட்டறதுக்கு எங்க தெருக் கொழந்தைங்களே போதும் சார்! இவனுங்க எதுக்கு?"

அவர் திரும்பினார். "நீ வா. வந்து ஒண்ணு உருட்டு."

போனேன். உருட்டினேன். பந்து மரக்குண்டைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, சாக்கடையில் போய் விழுந்தது. அருளப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னா முசியே, ஒயர் இழுக்கறதுன்னு நெனச்சியா?" சாக்கடையில் இறங்கிப் பந்தை எடுத்தவனும் நான்தான். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும்.

பிறகு போட்டிகள் ஆரம்பித்தன. எதிரணிக்காரர்கள் ஓடினார்கள். எங்கள் பையன்கள் நின்ற இடத்திலிருந்தே பந்தைக் காலுக்குக் கால் கொண்டு போய் வைத்தார்கள். எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. பந்து எங்கே நிற்கும் என்று அதற்கே முன்கூட்டித் தெரிந்த மாதிரி இருந்தது. வருடா வருடம் எங்களைத் துவைத்துக் காயப்போடும் அணியை அரையிறுதியில் இரண்டு கோலில் ஜெயித்தோம். அருளப்பன் ஓடி வந்து சாருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். சார் அரண்டுபோய்ப் பின்வாங்கினார். "பிரெஞ்சுப் பழக்கம் சார், பயப்படாதீங்க" என்று சேசுராஜ் தைரியம் சொன்னான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நாங்கள் கெட்டோம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். காது குத்துக்குப் பேனர், பாஸானதற்குப் பேனர், பாரீசுக்குப் போகிறவனுக்குப் பேனர், அங்கிருந்து வந்தவனுக்கும் பேனர். சந்தோஷம் வந்தால் எங்களுக்கு அதை மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. இருபது அடி அகலத்தில் அடித்து ரோட்டில் கட்டினால்தான் சாப்பாடு இறங்கும். அரையிறுதி முடிந்த மறுநாள், நான் வேலை செய்த இடத்துக்கு லூர்துசாமி ஆட்டோவில் வந்தார். மடியில் ஒரு சுருள்.

"தம்பி, ஏணிய எடுத்துக்கினு வா. தவளக்குப்பம் போறோம்."

இறுதிப் போட்டியில் எங்களோடு மோதப்போகிற அணி அந்தப் பக்கத்து அணி. அவர்கள் வயிறு எரிய வேண்டும். கடலூர் போகிற பஸ் எல்லாம் வேகம் குறைக்கிற கூட்டுரோட்டில் இறங்கிச் சுருளைப் பிரித்தோம். குப்பென்று அந்த நாற்றம். இருபதடிக்குக் குருவிளா சாரின் முகம். "எங்கள் வெற்றியின் தந்தையே!" என்று மேலே. கீழே கைகூப்பியபடி லூர்துசாமி, அவர் பெயர் மட்டும் என் தலை அளவு எழுத்தில்.

"அண்ணே, சார் வெளிய தெரியக் கூடாதுன்னாரே?"

"அவரு பேரு எங்கியாவது போட்டிருக்கனா பாரு. படம்தானே?"

எனக்குப் புரியாமல் இல்லை. கேட்டுவிட்டு, பதில் தப்பு என்று தெரிந்துகொண்டே ஏணியில் ஏறினேன். எனக்கும் ஆசைதான். எங்கள் அணிக்கும் ஒரு தந்தை வந்தார் என்று நாலு பேர் பார்க்க வேண்டாமா? கயிற்றை இறுக்கிக் கட்டினேன். காற்றில் அசையாமல் நின்றது. தொழில் சுத்தம்.

மறுநாள் அந்தப் பேனர் பேப்பரில் வந்துவிட்டது. அதற்கு மறுநாள் சாருக்கு அவருடைய அணியிலிருந்து போன். உடனே வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம்.

இறுதிப் போட்டிக்கு முதல் நாள் காலையில் அவர் மைதானத்துக்கு வந்தார். வெளியே ஆட்டோவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் மனைவி. பையன்களை உட்கார வைத்து, யார் எங்கே நிற்க வேண்டும், யாரை எப்போது மாற்ற வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொன்னார். ஏன் போகிறார் என்பதையும் சொன்னார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பேனர் பார்த்தேன். படம் நல்லா இருக்கு. மீசை மட்டும் எனக்கு இல்ல" என்றார். லூர்துசாமி எங்கிருந்தோ பழைய படத்தை எடுத்துப் போட்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்துவிட்டு எல்லோருக்கும் கை கொடுத்தார். லூர்துசாமிக்கும் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "யாரிடமும் சொல்லாமல்" என்று இப்போது எழுதியிருப்பது அந்தக் கைதான்.

மறுநாள் ஒரு கோலில் தோற்றோம். கடைசிப் பத்து நிமிடத்தில் பையன்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பழையபடி ஓடினார்கள். "எங்கடா உங்க வெற்றியின் தந்தை?" என்று எதிர்ப்பக்கம் பாட்டாகவே பாடினார்கள்.

மலரைப் படித்ததும் சேசுராஜுக்குப் போன் செய்தேன். இப்போது பேக்கரி வைத்திருக்கிறான், மெய்யாகவே மாமனாரும் இருக்கிறார்.

"மலர் பாத்தியாடா?"

"பாத்தேண்ணே! அட்டையில என் படம் போட்டிருக்காங்க. உடனே ஒண்ணு குருவிளா சாருக்குத் தபால்ல அனுப்பிட்டேன்."

"உள்ள படிச்சியா?"

"இன்னும் இல்லண்ணே. ஏன்?"

பதினான்காம் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். சாருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர் மனைவி நாகர்கோவில்காரர், அந்த அம்மாதான் வாசித்துச் சொல்வார். எங்கள் ஊரில் ஆபரேஷன் செய்து தெளிந்த கண்ணால், தன் புருஷன் ஓடிப்போனவர் என்று எங்கள் ஊர்க்காரன் எழுதியதைப் படிப்பார். சாருக்கு எண்பதை நெருங்குகிற வயது. இதற்கு மேல் தாமதிக்க நேரமில்லை.

நேற்று மைதானத்துக்குப் போனேன். பாதியை வலை போட்டு அடைத்துப் பச்சைப் பாய் விரித்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். சுவரை இடித்துவிட்டார்கள். மூலையில் உருண்டை வீசிய நாலு பேரில் ஒருவரும் இல்லை, அருளப்பன் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. பிரெஞ்சில் திட்டு வாங்க இனி எங்களுக்குக் கொடுப்பினை இல்லை. வெளிநாட்டு அணிகளின் சட்டை போட்ட பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பயிற்சியாளர் எந்த ஊரில் எத்தனை மாதம் இருந்தார் என்று அவர்களுக்கு எல்லாம் அத்துப்படி. இதே மண்ணில் குருவிளா சார் நின்று சொல்லிக்கொடுத்தார் என்றேன். "வீடியோ இருக்கா அங்கிள்?" என்று கேட்டார்கள். இல்லை. பார்த்தவர்களில் ஊரில் மிச்சமிருப்பது பத்துப் பேர், அச்சில் இருப்பது லூர்துசாமியின் ஒரு வரி. நாங்களும் போய்விட்டால் அந்த வரிதான் நிற்கும்.

லூர்துசாமி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில் நீங்கள்தான் மைக் பிடிக்கப் போகிறீர்கள். பேனரைக் கட்டினவன் நான். முன்வரிசையில் எழுந்து நின்று அதை நானே சொல்வேன். எனக்கு வெட்கமில்லை, இருந்த வெட்கத்தை இருபது வருடமாகப் பட்டாயிற்று. நான் உட்கார்ந்ததும் நீங்கள் பேச வேண்டும். என் காதில் தனியாக வந்து சமாதானம் சொல்ல வேண்டாம், டீ வாங்கித் தர வேண்டாம். கட்டச் சொன்னது யார்? அன்று காலை அவர் உங்கள் கையைப் பிடித்து விடைபெற்றாரா இல்லையா? மைக்கில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பதில் சொல்லுங்கள்.