வெள்ளித் தாளும் மரப் பலகையும்

பெட்ரோல் கிடங்கின் பீப்பாய் நிரப்பும் கொட்டகையில் அன்று சூப்பரின்டெண்டு இருந்தார். குழாயைப் பிடித்தபடி என் அப்பாவின் கூட்டாளி இருந்தார். கையில் கண்ணாடிச் சாடியோடு நான் இருந்தேன். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா மட்டும் இல்லை. விசாரணை முடியும்வரை அவர் கேட்டைத் தாண்டக் கூடாதென்று உத்தரவு.

மூன்று வாரத்துக்கு முன், மேல்காற்று காய்ந்தடித்த ஒரு காலையில், நைனா நிரப்பிக்கொண்டிருந்த பீப்பாயின் வாயில் குப்பென்று தீ எழுந்தது. ஈரச்சாக்கைப் போட்டு அவரே அமுக்கிவிட்டார். பீடி பிடித்தார் என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். விசாரணையில் தோற்றால் வேலை போய்விடும்.

"பீடிக்கட்ட கேட்லயே குடுத்துட்டுத்தான்டா உள்ள போறேன்," என்றார் நைனா. "பீப்பாய தொட்டா சுருக்குன்னு குத்துது. அத்த சொன்னா சிரிக்கிறானுங்கோ."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். கல் தரையில் உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று பீப்பாயைப் பலகைமேல் நிறுத்துவது கிடங்கின் விதி. கம்பளி வடிகட்டி வழியே பாயும் பெட்ரோலில் பிறக்கும் மின்சாரம், அந்தப் பலகையால்தான் தரைக்கு இறங்க முடியாமல் பீப்பாயிலேயே தேங்கி, குழாய்க்குப் பொறியாய்த் தாவுகிறது என்று எனக்குப் பட்டது. அதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு கருவி செய்தேன். ஊறுகாய்ச் சாடி, தக்கை, தக்கையில் செருகிய பித்தளைக் கம்பி, அதன் நுனியில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் இரண்டு. மின்சாரம் பக்கத்தில் இருந்தால் தாள்கள் விலக வேண்டும்.

அன்று கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சூப்பரின்டெண்டிடம் காட்டிய நேரத்தில் கடற்காற்று வந்துவிட்டது. ஈரக்காற்றில் மின்சாரம் கசிந்துபோகும். தாள்கள் அசையவே இல்லை.

"இன்னும் ஒரு தடவை பார்ப்போம்," என்றார் சூப்பரின்டெண்டு. "வெள்ளிக்கிழமை. அதோட சரி."

கசிந்ததுபோக மிஞ்சும் துளியையும் சாடி உணர வேண்டும். ஈயத்தாள் கனம். வண்ணாரப்பேட்டையில் பர்பிமேல் ஒட்டும் வெள்ளித் தாளைக் கேட்டுப் போனேன்.

"இன்னா தம்பி," என்றார் மிட்டாய்க்கடை பாய், "பர்பி வாணாம், தாளு மட்டுமா? அத்த எதுமேல ஒட்டப் போற?"

மூச்சுப் பட்டாலே கிழியும் தாள். ஒரே ஒரு மெல்லிய கீற்றை வெட்டித் தொங்கவிட்டேன். அதற்கு எதிரே, மண்ணோடு கம்பியால் இணைத்த செப்புத் தகடு ஒன்று நின்று, மின்சாரம் ஏறிய கீற்றைத் தன் பக்கம் இழுக்கும். தகடு தள்ளி நின்றால் கீற்று சும்மா தொங்கியது. நெருங்கினால் ஒட்டிக்கொண்டது. நகர்த்தினேன், திரும்ப நகர்த்தினேன். மின்சாரம் கசியாமலிருக்கத் தக்கைக்குப் பதில் மெழுகு வார்த்தேன். மின்சாரத்தை வாங்கிக்கொள்ளக் கம்பியின் தலையில் சொம்பு மூடியைப் பொருத்தினேன். சாடிக்குள் ஈரத்தை உறிஞ்ச எண்ணூர்ச் சூளையிலிருந்து சுட்ட கிளிஞ்சல் வாங்கிப் போட்டேன்.

நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். "பர்பித் தாளு வந்து எனக்கு சாட்சி சொல்லப் போவுதா?"

வெள்ளிக்கிழமை காலையெல்லாம் காற்று காய்ந்துதான் கிடந்தது. சூப்பரின்டெண்டு வரவில்லை. நான் கொட்டகைக்கும் கேட்டுக்குமாக நடந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கடற்காற்று சட்டையைப் பிசுபிசுக்க வைத்தது.

பெட்ரோல் பாய்ந்தது. சாடியைப் பீப்பாய்க்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். கீற்று நடுங்கியது, மெல்ல எழுந்து தகட்டை நோக்கிச் சாய்ந்து நின்றது.

"உன் கை ஆட்டம்," என்றார் அவர். சாடியை வாங்கித் தானே பிடித்தார். அப்போதும் சாய்ந்தேதான் நின்றது.

குழாயை மூடச் சொல்லி, பலகை நனைய ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் பலகையிலிருந்து தரைக்கு வழிந்தது. கீற்று சட்டென்று இறங்கி நேராகத் தொங்கியது.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பீப்பாய்க்கும் குழாய்க்கும் ஒரு செப்புக் கம்பி போடச் சொல்லு," என்றார் நைனாவின் கூட்டாளியிடம். சாடியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நைனாவை உள்ளே விட்டார்கள். பீடிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தப்பு கிடங்கின்மேல் என்றும் யாரும் சொல்லவில்லை. நின்ற நாட்களுக்குக் கூலி மட்டும் கிடையாது என்றார்கள்.

"சாட்சி சொல்லிச்சிடா உன் தாளு," என்றார் நைனா, செருப்பைக் கழற்றியபடி. "கூலி கேக்கத்தான் அதுக்கு வாயி இல்ல."

போனது முப்பத்தொன்றரை ரூபாய்.