கொழும்பு தெரிந்தவள்

றொசல்லைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ஜோசப்பினுக்குத் தனி மரியாதை இருந்தது. சின்ன வயதிலேயே ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்குப் போய், கொழும்பில் மூன்று வருஷம், அவர்களோடு கண்டியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். கல்யாணமாகிக் கொழுந்து பறிக்கப் போன பிறகும், மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள்.

"ஏக்கா, இருக்குறதுக்குக் கொழும்பு நல்லதா, கண்டி நல்லதா?"

"கொழும்புதான். அந்தியானா கடக்கரையில காத்து வாங்கலாம், டிராமுல ஏறி ஊரச் சுத்தலாம். கண்டியில என்ன இருக்கு? ஒரு கொளம். அதச் சுத்தி வந்தா முடிஞ்சுது."

அந்த வீட்டுப் பிள்ளைகள் பேசிக்கொண்டதைத்தான் அவள் சொன்னாள். இரண்டு ஊரிலும் அவள் சமையலறையை விட்டு வெளியே போனதில்லை. வீட்டுக்காரர்கள் வெளியே கிளம்பினால் பின்கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருநாளுக்கு, வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கிளம்பினார்கள். "ஜோசப்பினு இருக்கா, நமக்கென்ன பயம்?" என்றாள் பக்கத்துக் காம்பரா லெட்சுமி. அப்போதாவது ஜோசப்பின் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோட்டை ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தாள். பெரிய பெரிய கட்டடங்களைக் கடந்து, கால் கடுக்க நடந்தும் கோயிலைக் காணோம். தெருமுனை திரும்பியதும் கடல்தான் வந்து நின்றது.

"ஐயோ, இம்புட்டுப் பெருசா!"

மற்றவர்கள் வாய் திறக்குமுன் அப்படிக் கத்தியவள் ஜோசப்பின்தான்.

கூட வந்த ராக்காயி சிரித்தாள். "ஏன்டி, தெனமும் காத்து வாங்குனவளுக்கு இன்னக்கித்தான் பெருசாத் தெரியுதோ?"

ஜோசப்பின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். லெட்சுமிதான் ஒரு பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் வழி கேட்டு, எல்லோரையும் வந்த பாதையிலேயே திருப்பிக் கூட்டிப்போனாள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் பயணம் எப்படி என்று கேட்டவர்களிடம், "கோயிலுக்குப் போறதுக்கு முந்தியே ஜோசப்பினு எங்களுக்குக் கடலக் காட்டுச்சு" என்றாள் லெட்சுமி. ராக்காயியின் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்ட ஜோசப்பினால் இந்தப் பரிவைத் தாங்க முடியவில்லை. லெட்சுமி வரும் நேரம் பார்த்துப் பீலிக்குப் போவதை நிறுத்தினாள்.

அந்த வருஷக் கடைசியில் அதே தோட்டத்து வீரம்மா அவளைத் தேடி வந்தாள். மகளை வீட்டு வேலைக்கு அனுப்ப வேண்டும், கொழும்பா கண்டியா என்று கேட்டாள்.

ஜோசப்பின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கொழும்புப் புழுக்கத்துல சாடி உப்பு தண்ணியாப் போயிரும்க்கா. கண்டியில மார்கழிக் காலையில தேங்காண்ணெ ஒறஞ்சிரும், அடுப்புக்கிட்ட வச்சு எளக்கணும். எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

"கடல், டிராமுன்னு சொன்னியே?"

"பாத்ததில்லக்கா. வெளியவே விட்டதில்ல."

வீரம்மா படியிறங்கிப் போனாள்.