ஏழு கிலோ குட்டி

போன வாரம் ஒரு காலை. எங்கள் பூனை அவனுடைய மண் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. கத்தல் மட்டும் வந்தது.

அவன் பெயர் குட்டி. உள்ளங்கையில் அடங்கிய நாளில் வைத்த பெயர். இப்போது வயது இரண்டு. ஜன்னல் திட்டில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். 'நல்லா சாப்பிடற வீட்டுப் பிள்ளை' என்று எனக்கு அதில் பெருமை வேறு!

"ஏங்க, இது இவன் வழக்கமா கத்தற கத்தல் இல்லீங்க. ஜல்தியா கெளம்புங்க," என்றாள் என் மனைவி செல்வி. காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எடை பார்த்தார். ஏழு கிலோ. வயிற்றை அமுக்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. மூத்திரப் பாதை அடைத்துக்கொண்டிருக்கிறதாம்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

டிரை ஃபுட் பையின் படத்தை போனில் காட்டினேன். கடையிலேயே உசத்தியானது!

"சார், இது குட்டிங்களுக்குப் போடறது."

"ஆமா டாக்டர், குட்டிக்குத்தான்."

"ரெண்டு வயசுன்றீங்க... இவன் குட்டி இல்ல சார்."

"பேரு குட்டி, டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். வளர்கிற குட்டிகளுக்கான தீனியில் சத்து அதிகம். ஒரு வயது தாண்டி, கருத்தடை ஆபரேஷனும் ஆகி, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கிற பூனைக்கு அது கொழுப்பாகத்தான் சேரும். பெரிய பூனைக்கானதற்கு மாற்றி, அளந்து போட வேண்டும். காய்ந்த தீனி என்பதால் தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும்.

"இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா எல்லாம் சேர்ந்துக்கிச்சி," என்றார்.

நாங்களோ தீனிக் கிண்ணத்தைக் காலியாக விட்டதே இல்லை. தண்ணீர்? குடிக்கிறானா இல்லையா என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

குட்டியை அங்கேயே அட்மிட் செய்தார்கள். செல்வி கூட இருந்துகொண்டாள். நான் ஆத்திரத்தோடு திண்டிவனம் திரும்பி, நேராகத் தீனி வாங்கும் கடைக்குப் போனேன்.

"யோவ், உனக்கு மனசாட்சி இருக்கா? ரெண்டு வயசுப் பூனைக்குக் குட்டித் தீனியா குடுப்ப?"

கடைக்காரர் கையிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார்.

"சார், ஒவ்வொரு வாட்டியும் நான் கேட்டனா இல்லியா? 'குட்டிக்கா, பெரிய பூனைக்கா'ன்னு? நீங்கதான் 'குட்டிக்கு, குட்டிக்கு'ன்னு சொல்லிக்கினு இருந்தீங்க. அது பேருன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்? புதுசு புதுசா எடுத்தாந்து வளக்கறீங்கன்னு நெனச்சிக்கினேன்..."

கேட்டார்தான். ஒவ்வொரு முறையும் கேட்டார். சண்டை போடப் போனவன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

நாம் ஆசையாக வளர்க்கிற எல்லாமே நமக்குக் குட்டிதான். மீசை முளைத்த பையனும் குட்டி, கல்யாணமாகிப் போன பெண்ணும் குட்டி. கூப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால் வயது ஏறுகிறதே, அதை யாராவது கவனிக்க வேண்டாமா? நான் கொஞ்சத்தான் கொஞ்சினேன்... கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை குட்டி செத்துப்போனான். வாராவாரம் இந்தப் பத்தியில் ஊருக்குப் புத்தி சொல்லி எழுதுகிறவனுக்கு, இதை எழுதக் கை வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் புதைத்தோம்.

அன்று சாயங்காலம் செல்வி அலமாரியிலிருந்து பாதி தீர்ந்திருந்த தீனிப் பையை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'பன்னிரண்டு மாதம் வரை.' முன்பக்கத்திலேயே பெரிதாக அச்சடித்திருந்தது.

பையை என் மடியில் வைத்தாள்.

"வாராவாரம் ஊருக்கெல்லாம் படிச்சிப் படிச்சி சொல்றீங்களே... இந்த ஒரு வரியப் படிச்சிருக்கக் கூடாதாங்க?"