மடிப்பிச்சை

டி.வி.யில் நடிகர் உதயவேந்தன் அழ ஆரம்பித்தால், சங்கிலியம்மாள் பானை இறக்கும் கரித்துணியைத் தூக்கித் திரையின் மேல் போட்டுவிடுவார். முகம் மறைந்துவிடும். குரல் மட்டும் துணிக்கு அடியிலிருந்து விம்மிக்கொண்டிருக்கும். உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள அந்த மெஸ்ஸில் சாப்பிட வருகிற எங்களுக்கெல்லாம் இது பழகிப்போன காட்சி. வக்கீல் குமாஸ்தா சுரேஷ்கண்ணன் மட்டும் வேண்டுமென்றே கிண்டுவார்.

"என்னக்கா, ஒங்க தம்பி பேசுறாக. கேப்போம்ல?"

"அவன் வாயில வசம்ப வச்சுத் தேய்க்க. ஒனக்கு ரசமா, மோரா?"

உதயவேந்தன் அவருடைய கூடப் பிறந்த தம்பிதான். நாற்பது வருஷமாக சினிமாவில் நீதிபதியாகவும் பண்ணையாராகவும் நடித்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தவர். சென்னையில் கடலைப் பார்த்த பங்களா, கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டம், இந்த மெஸ் இருக்கிற சந்துக்குள் நுழையாத கார். பெற்றவள் வைத்த பெயர் பிச்சைமணி.

அக்காவுக்கு எழுபது நெருங்குகிறது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கேஸ் தோற்று வருகிறவரை முகத்தை வைத்தே கண்டுபிடித்து ஒரு கரண்டி குழம்பு கூடுதலாக ஊற்றுவார். ஜெயித்து வருகிறவருக்கும் அதே கரண்டிதான், ஆனால் கூடவே திட்டும் விழும். யாரிடமும் "வைக்கவா" என்று கேட்டதில்லை. இலை காலியானால் சோறு விழுந்துவிடும். "வைக்கவான்னு கேக்குறது வேண்டாதவன்கிட்ட. கேட்டா எவன் வேணும்பான்?" என்பார்.

இந்தக் கை வளர்த்த தம்பிதான் சேனல் சேனலாகப் போய் ஒரே கதையைச் சொல்கிறார். "எங்கம்மா தெருத்தெருவா பிச்சை எடுத்து என்னை வளர்த்தாங்க. அதான் எனக்குப் பிச்சைன்னே பேரு." பேட்டி எடுக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். விளம்பரம் வரும். எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. பணக்காரர் ஆனவருக்கு ஏழையாக இருந்த பெருமையும் சேர்த்து வேண்டியிருக்கிறது. அதற்குப் பெற்றவளின் மானம்தானா கிடைத்தது?

சங்கிலியம்மாள் சொல்வது வேறு. "எனக்கு அடுத்துப் பெறந்த ரெண்டும் தங்கல. இவனாச்சும் தங்கட்டும்னு எங்காத்தா காளியம்மனுக்கு நேந்துக்கிட்டு, முந்தானைய விரிச்சு வீடு வீடா மடிப்பிச்சை எடுத்துச்சு. நானும் சேலையப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே நடந்தேன். விழுந்த அரிசிய அப்படியே கோயில்ல பொங்கி ஊருக்குக் குடுத்தோம். ஒரு பருக்க வீட்டுக்கு வரல. சாமிகிட்ட உசிரக் கேட்டத, சோத்துக்குக் கேட்டதா ஆக்கிப்புட்டானே, பாவி!"

சோற்றுக்குத் தாய் முருகம்மாள் யார் வாசலிலும் நின்றதில்லை. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர். ஓட்டு வீடு, கறவை எருமை, மகனுக்குப் பள்ளிக்கூடம் போகச் செருப்பு. மகள்தான் படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு மலையேறினாள். திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவன் மெட்ராஸ் போகிறேன் என்றதும், முறுக்கு டின்னைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டவரும் அந்தத் தாய்தான். இதையெல்லாம் சொன்னால் பேட்டி எடுக்கிற எந்தப் பெண் அழும்?

போன மாதம் தம்பி சொந்த ஊரில் அம்மா பெயரில் அன்னதானக் கூடம் கட்டி முடித்தார். வாசலில் பளிங்குக் கல். 'பிச்சையெடுத்துப் பிள்ளை வளர்த்த தாய் முருகம்மாள் நினைவாக' என்று பொன் எழுத்து. கல் பதித்த அன்றே அந்த வரியை எடுக்கச் சொல்லி அக்கா போன் போட்டார். எடுத்தது மேனேஜர். "சாருக்கு அந்த வரிதாம்மா ரொம்பப் புடிச்சிருக்கு."

திறப்புவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம், டி.வி.க்காரர்களோடு தம்பியே மெஸ்ஸுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. "அக்கா கையால சாப்பிடணும்" என்று இலை முன்னால் உட்கார்ந்தார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர், "அம்மா, சின்ன வயசுல நீங்க பட்ட கஷ்டத்தச் சொல்லுங்க" என்றார்.

சங்கிலியம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தம்பி முன்னால் போய் நின்றார்.

"ஏலே பிச்சைமணி, ஒனக்காக ஆத்தா ஏந்துன மடி இது. இன்னைக்கு ஆத்தாளுக்காக நான் ஏந்துறேன். அந்தக் கல்லுல இருக்கிற எழுத்த அழிச்சுப் போடு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

சுரேஷ்கண்ணன் கையில் எடுத்த அப்பளம் அப்படியே நின்றது.

"சூப்பர்மா!" என்றார் இளைஞர். "அந்தத் துணிய மட்டும் கொஞ்சம் மேல தூக்குங்க."

தம்பி அக்காவைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் மடியில் நன்றாக விழட்டும் என்று தன் தலையைச் சற்று ஒதுக்கிக்கொண்டார். நாற்பது வருஷத் தொழில் அல்லவா! கண்ணில் நீர்கூட ஊறத் தொடங்கியிருந்தது. எழுந்து அறைந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

சங்கிலியம்மாள் முந்தானையை ஓங்கி ஒரு உதறு உதறி இடுப்பில் செருகினார். சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு வரிசையாக எல்லா இலைக்கும் அள்ளி வைத்தபடி வந்தார். தம்பி இலைக்கு வந்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"வைக்கவா?" என்று கேட்டார்.